கலைச்சொல் உதவி: ‘ஸ்மூத் நம்பர்’, வெள்ளிக்கிழமைக்குள்

ந.:
அனைவருக்கும் வணக்கம். எண் கோட்பாட்டுப் பாடமொன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளியன்று அனுப்பியாக வேண்டும். ஒரு சொல் நகர விடாமல் நிற்கிறது.

பாடத்தின் நாயகன் 147573952589676412927. அதாவது 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 1644-இல் மெர்சென் இதைப் பகா எண் என்றார். 1876-இல் லூகாஸ், காரணி ஒன்றைக்கூடக் காட்டாமலே, பகு எண் என்று நிறுவினார். 1903-இல்தான் கோல் 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார்.

சிக்கல் இனித்தான். முதல் காரணியில் ஒன்றைக் கழித்தால் 193707720. அது 2³ × 3³ × 5 × 67 × 2677. பகாக் காரணி எதுவும் 2677-ஐத் தாண்டவில்லை. இப்படிச் சின்னப் பகா எண்களாகவே உடையும் எண்தான் ‘ஸ்மூத் நம்பர்’. போலார்டு 1974-இல் தந்த காரணி காணும் முறை, பகாக் காரணியில் ஒன்றைக் கழித்து வருவது இப்படி ஒரு எண்ணாக இருந்தால் அந்தக் காரணியைச் சட்டென்று பிடித்துவிடும். ‘வழவழப்பு எண்’ என்று எழுதிப் பார்த்தேன், சோப்பு விளம்பரம்போல் இருக்கிறது.

வ.:
‘மழவெண்’ என்க. ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்பது தொல்காப்பிய உரியியல். காரணிகள் எல்லாம் இளையவை, பொருள் பொருந்துகிறது. ‘மழமழப்பு’ என்ற வழக்கால் மூலச்சொல்லின் வழவழப்பும் உடன்வருகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மழலை, மழகளிறு இரண்டும் இவ்வேரின. மழவர் என்ற சங்ககால வீரக்குடியின் பெயரும் இவ்வேரினதே என்பது என் துணிபு. விரித்து எழுதுகிறேன்.

செ.:
விரிக்க வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். மாணவர் அதை ‘மழை எண்’ என்றுதான் படிப்பார். மூலமொழிக்காரர் பிடித்த உவமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘சிறுகாரணி எண்’ போதும். பகாக் காரணிகள் தாண்டாத வரம்பை முன்னால் ஒட்டலாம்: 2677-சிறுகாரணி எண்.

பொ.:
‘காரணி’ வடசொல்வழி வந்தது. ‘கூறு’ இருக்கக் கடன் எதற்கு? சிறுகூற்றெண்.

செ.:
கூறு கூற்று ஆனதும் கூற்றுவன் வந்து நிற்கிறான். வகுப்பில் சின்ன எமனை வைத்துக்கொண்டு யார் பாடம் நடத்துவது? காரணி பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். விட்டுவிடுங்கள்.

க.:
இலக்கணம் இருக்கட்டும், கணக்கு உதைக்கிறது. ‘சிறுகாரணி எண்’ என்றால் ஏதோ ஒரு சிறிய காரணி உள்ள எண் என்றும் கொள்ளலாம். இரட்டை எண் எல்லாவற்றுக்கும் 2 இருக்கிறதே! 193707720-க்கு 67 × 2677 = 179359 போன்ற பெரிய காரணிகளும் உண்டு. சிறியவையாக இருக்க வேண்டியவை பகாக் காரணிகள், அவையும் ஒன்றுவிடாமல். ‘நுண்பகு எண்’ எப்படி? நுண்ணிதாகப் பகுபடுவது.

செ.:
அழகாக இருக்கிறது, ஆனால் 7? வரம்பு 10 என்றால் 7-உம் இந்த வகைதான். அது பகு எண் அன்றே. ‘பகு’ என்று பெயரிலேயே வைத்துவிட்டுப் பகா எண்ணை உள்ளே எப்படி விடுவது?

க.:
உண்மைதான். சரி, சிறுகாரணிக்கே என் வாக்கு, அரைமனத்தோடு.

பொ.:
எனக்கு உடன்பாடில்லை. தடுக்கவும் மாட்டேன்.

ந.:
‘சிறுகாரணி எண்’ என்றே அனுப்பிவிட்டேன். வரையறையில் ‘எல்லாப் பகாக் காரணிகளும்’ என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

வ.:
என் மறுப்பைப் பதிவு செய்க. இதற்கு எதிரான ‘ரஃப் நம்பர்’ நாளை வரும், பகாக் காரணி எல்லாமே பெரிதாக உள்ளது. அதைப் ‘பெருங்காரணி எண்’ என்பீர்கள். எந்தப் பெரிய எண்ணும் தனக்குத் தானே பெருங்காரணி ஆயிற்றே! மழவெண்ணை ஏற்றிருந்தால் ‘முதுவெண்’ என்று முடிந்திருக்கும். மழவர் பற்றிய மடல் தனியே வருகிறது.