40 ஓலைப்பெட்டி வேணும், அல்வா நெய்க்கு ஒரு வழியும் வேணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸுக்கு 40 வீட்டுக்குக் கால் கிலோ அல்வாவும் சில்லுக்கருப்பட்டியும் கொடுக்கிறோம். மினுமினுப்புத் தாளும் செல்லோடேப்பும் வேண்டாம். குருத்தோலைப் பெட்டி, வாழைநார்க் கட்டு போதும். காய்ந்த நார் முடிச்சில் முறியும், பத்து நிமிஷம் நனைத்துத்தான் கட்டணும்.

கருப்பட்டிக்குக் கவலையில்லை. அல்வா நெய்தான் ஓலை இடுக்கில் இறங்குது. வாழையிலையைத் தணலில் வாட்டி, நடுநரம்பைச் சீவி, இரண்டு மடிப்பாக வைத்தால் ஒருநாள் தாங்கும். சூடாக வைத்தால் இலை வேர்த்து, மார்கழிப் பனி ஈரமும் சேர்ந்து ஓலையில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் தாங்க என்ன செய்யலாம்?

ஆறு அங்குலம், மூடியோடு, சாயமில்லாத பெட்டி மணப்பாடு, உடன்குடிப் பக்கம் யார் முடைகிறார்கள்? விலை என்ன, எத்தனை நாள் முன்னால் சொல்லணும்?