பெங்களூர் ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழில் குடி கவுன்சலிங் எங்கே கிடைக்கும்?

அண்ணனுக்கு 43 வயது, மரப் பாலிஷ் வேலை. பத்து வருஷமா தினம் மூணு குவார்ட்டர். மார்ச்சில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினார், மறுநாளே ஃபிட்ஸ். (அப்படி நிறுத்தவே கூடாது. முதல் 48 மணி நேரம்தான் வலிப்புக்கு ஆபத்து, அதையொட்டியே நினைவு குழம்பிப் பிதற்றல்.) ஆஸ்பத்திரியில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, லோராசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து எட்டு நாளில் தெளிந்தார். லிவர் டெஸ்ட் சரி, இப்போது குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் 50 மி.கி. தினம் ஒன்று. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்காமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை வேண்டாமென்று விட்டோம். பாலிஷ் ஸ்பிரிட் ஆவியே ரியாக்‌ஷன் கிளப்பலாம்.

மாத்திரை மட்டும் போதாது. ஒரு தனியார் மையம் பார்த்தோம்: மூணு மாசப் பணம் முன்கூட்டியே, ராத்திரி டாக்டர் கிடையாது. வேண்டாமென்று வந்துட்டோம். நிம்ஹான்ஸுக்கு (அரசு மனநல ஆஸ்பத்திரி) பகலில் போனால் அன்றைய கூலி போச்சு. கன்னடம் புரியும், ஆனால் மனசுவிட்டுப் பேசத் தமிழ்தான்.

ஸ்ரீராமபுரம், மல்லேஸ்வரம் சுற்றுவட்டாரத்தில் சாயங்காலம் ஏழுக்கு மேலோ ஞாயிறிலோ தமிழில் கவுன்சலிங் அல்லது ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டம் நடக்கிற இடம் தெரியுமா?