"குரோமில் மட்டும் திறக்கவும்" என்று அடம்பிடிக்கும் தளம்: பயர்பாக்ஸிலேயே சமாளிக்க வழி உண்டா?

அரைத்தூக்கம்:
வணக்கம். லினக்ஸ் மின்ட், அதில் பயர்பாக்ஸ். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் இழப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பணம் இன்னும் கைக்கு வரவில்லை. உள்ளே நுழைந்ததும் திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு பலகை: "உங்கள் உலாவி ஆதரிக்கப்படவில்லை. குரோம் பயன்படுத்தவும்." மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறிகூட வைக்கவில்லை. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாயிற்று, குக்கிகளை அழித்தாயிற்று, விளம்பரத் தடுப்பானையும் அணைத்தாயிற்று. அசைகிற வழியாக இல்லை.

குரோம் நிறுவத் தெரியாமல் கேட்கவில்லை. அது வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கமே வந்தேன். நாளை மறுநாள் கடைசித் தேதி. வேறு வழி இருக்கிறதா?

மின்னல்வரி:
ப்ரோ, கடைசித் தேதி நாளை மறுநாள்னா கொள்கையை அதுக்கப்புறம் பார்த்துக்கலாம். குரோமுக்கு அடிப்படையான குரோமியம் போடுங்க, ஃபார்மை அனுப்புங்க, அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க. அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், பிஎஸ்டி லைசென்ஸ். எதுக்கு இந்தப் பாடு?

சுழியம்:
நேரம் போய்விட்டால் குரோமியம்தான், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பலகை உண்மையைச் சொல்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். பலகையின் மேல் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்பெக்ட்" கொடுங்கள். கீழே எச்டிஎம்எல் திறக்கும். எந்த வரியின் மேல் மவுஸை வைத்தால் சாம்பல் திரை முழுவதும் நிறம் மாறுகிறதோ, அந்த டிவ்வை (பக்கத்தின் ஒரு பகுதி) தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்துங்கள். உங்கள் திரையில் மட்டும்தான் போகும், சர்வரில் எதுவும் ஆகாது. பிறகு டீபக்கர் பகுதிக்குப் போய் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி "யூசர்ஏஜென்ட்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். உலாவி தான் யார் என்று தளத்திடம் சொல்லிக்கொள்ளும் வரி அது. என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:
பலகை போய்விட்டது! அடியில் படிவம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. பெயர், பாலிசி எண், தேதி எல்லாம் நிரப்ப முடிகிறது, நாட்காட்டிகூடத் திறக்கிறது. "சமர்ப்பி" பொத்தான் மட்டும் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறது.

தேடியதில் ஒரே ஒரு இடம்தான் அகப்பட்டது. யூசர் ஏஜென்ட் வரியில் "குரோம்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் பலகையைக் காட்டு, பொத்தானை முடக்கு. இவ்வளவுதான். இதற்குப் பெயர் "ஆதரிக்கப்படவில்லை"யா?

சுழியம்:
அவர்கள் பயர்பாக்ஸில் சோதித்துப் பார்த்ததில்லை என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அந்தச் சோதனையில் எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே தேறிவிடும். எல்லாம் குரோமியத்தின் மேல் கட்டியவை, எல்லாவற்றின் வரியிலும் அந்தச் சொல் இருக்கிறது.

யூசர் ஏஜென்ட் என்பது ஆரம்பத்திலிருந்தே பொய் மேல் பொய்யாக வளர்ந்த ஒரு வரி. 90களில் ஃபிரேம் உள்ள பக்கங்களை நெட்ஸ்கேப்புக்கு மட்டும் அனுப்பும் சர்வர்கள் இருந்தன. நெட்ஸ்கேப் தன்னை "மொசில்லா" என்று சொல்லிக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தன்னை "மொசில்லா" என்று சொல்லி உள்ளே நுழைந்தது. அந்த வழக்கம் இன்றுவரை போகவில்லை. இன்றைய குரோமின் வரியை எடுத்துப் பாருங்கள்: மொசில்லா/5.0, ஆப்பிள்வெப்கிட், "கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி", குரோம், கடைசியில் சஃபாரி. ஊரில் உள்ள அத்தனை பேரின் பெயரும் அதில் இருக்கும்.

பயர்பாக்ஸும் இந்த வரியோடு படாத பாடு பட்டிருக்கிறது. அதில் "ஆர்வி" என்று ஒரு எண் வரும். பதிப்பு 110 வந்தபோது "ஆர்வி:11" என்ற தொடக்கத்தைப் பார்த்து, இது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று சில தளங்கள் முடிவு கட்டிவிட்டன. அதனால் 110 முதல் 119 வரையிலான பதிப்புகள் எல்லாம் "ஆர்வி:109" என்றே சொல்லிக்கொண்டன. 120 வந்த பிறகுதான் உண்மையான எண்ணுக்குத் திரும்பினார்கள்.

உங்கள் விஷயத்துக்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் அழுத்தினால் செல்பேசித் திரை போல ஒரு காட்சி வரும். அதன் பல்சக்கரக் குறியில் "ஷோ யூசர் ஏஜென்ட்" என்று இருக்கும், அதை இயக்குங்கள். மேலே ஒரு பெட்டி தோன்றும். அதில் குரோமின் வரியை ஒட்டி என்டர் தட்டிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அகலத்தை இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அந்த ஒரு டேபுக்கு மட்டும்தான் வேஷம். அபவுட்:கான்ஃபிக் என்ற பயர்பாக்ஸின் உள் அமைப்புப் பக்கத்தில் மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். அது எல்லாத் தளங்களுக்கும் மாறி, வேறு இடத்தில் வேறு ஏதாவது உடையும்.

தூக்கணாங்குருவி:
இடையில் ஒரு சந்தேகம். இதே மாதிரி ஒரு தளத்துக்காக நான் ஐபோனில் குரோம் போட்டேன். அப்போதும் "குரோம் பயன்படுத்தவும்" என்றே வந்தது. குரோமில் இருந்துகொண்டு குரோமைத் தேடினேன்.

சுழியம்:
ஐபோன் குரோமின் வரியில் "குரோம்" என்ற சொல்லே கிடையாது, "சிஆர்ஐஓஎஸ்" என்று இருக்கும். உள்ளே பக்கத்தை வரையும் எஞ்சினும் ஆப்பிளின் வெப்கிட்தான். ஐபோனில் எந்த உலாவியும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்காக அதைத் தளர்த்த வேண்டி வந்தது.

அரைத்தூக்கம்:
வேஷம் பலித்தது. பலகை இல்லை, பொத்தானும் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் அடுத்த பக்கத்தில் ரசீதுகளை ஏற்றும் பெட்டி மட்டும் "உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்" என்கிறது. உள்நுழைந்தால் திரும்ப அதே இடம்தான். அப்படியென்றால் பயர்பாக்ஸில் நிஜமாகவே ஏதோ ஓடவில்லையா?

மின்னல்வரி:
நான் சொன்ன குரோமியம் இந்நேரம் வேலையை முடிச்சிருக்கும் 🙂

சுழியம்:
முடித்திருக்கும், மறுக்கவில்லை. அரைத்தூக்கம், அந்தப் பெட்டி வேறு முகவரியிலிருந்து வருகிறதா? எஃப்12, நெட்வொர்க் பகுதி, பக்கத்தைப் புதுப்பித்து 401 என்று வரும் வரியைப் பாருங்கள்.

அரைத்தூக்கம்:
ஆமாம். தளத்தின் பெயர் ஒன்று, 401 வருவது முற்றிலும் வேறொரு பெயரில். ஆவணங்களைச் சேமிக்கும் வேறு நிறுவனம் போலிருக்கிறது. உள்நுழையும் பக்கமும் அந்தப் பெயரில்தான் திறந்தது, இப்போதுதான் கவனிக்கிறேன்.

சுழியம்:
அகப்பட்டுவிட்டது. நீங்கள் உள்நுழைந்தபோது இரண்டாவது நிறுவனம் உங்களை அடையாளம் காண உலாவியில் ஒரு சிறு குறிப்பு, அதாவது குக்கி, வைத்தது. அதே நிறுவனம் இப்போது காப்பீட்டுத் தளத்துக்குள் ஒரு ஐஃபிரேமாக, அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கமாக, வந்து நிற்கிறது. பயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி குக்கி ஜாடி வைத்திருக்கும். 2022 ஜூன் முதல் எல்லோருக்கும் இதுதான் இயல்பு அமைப்பு. அதனால் காப்பீட்டுத் தளத்துக்குள் நிற்கும் ஐஃபிரேம் வேறொரு காலி ஜாடியைப் பார்க்கிறது. "இவர் யாரென்றே தெரியாது" என்று 401 கொடுக்கிறது. உங்களைத் தளம் தளமாகப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. நியாயமான காரியத்துக்கு வந்த ஐஃபிரேமும் அதில் மாட்டிக்கொண்டது.

தீர்வு எளிது. முகவரிப் பட்டையின் இடது பக்கம் கேடயக் குறி இருக்கும். அதைச் சொடுக்கி, இந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணையுங்கள். வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

அரைத்தூக்கம்:
ஏறிவிட்டது! எல்லா ரசீதும் ஏறி, ஒப்புகை எண்ணும் வந்துவிட்டது. சுழியம் அண்ணா, ரொம்ப நன்றி.

ரெண்டாம்பக்கம்:
வாழ்த்துகள் தம்பி. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்ஸ்பெக்டர், டீபக்கர், யூசர் ஏஜென்ட், ஐஃபிரேம், 401. ஒரு படிவத்துக்கு இத்தனை படி ஏற வேண்டியிருந்தது. கணினியே பிழைப்பாக இல்லாத ஒருவர் முதல் பலகையிலேயே குரோமுக்குப் போயிருப்பார், போனதில் ஒரு தப்பும் இல்லை. கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூல நிரல், உரிமம், சுதந்திரம் என்று பேசுகிறோம். "சாதாரண ஆளால் இதை ஓட்ட முடியுமா?" என்று கேட்டால் மட்டும் கையேட்டைப் படிக்கச் சொல்கிறோம். அந்தக் கேடயம் தடுத்ததே, தடுத்த இடத்திலேயே "நான்தான் தடுத்தேன், திறக்கட்டுமா?" என்று ஒரு வரி காட்டியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். குக்கியைத் தடுக்கும் அளவுக்குப் புத்தி உள்ள உலாவிக்கு, தடுத்தேன் என்று சொல்ல வாய் இல்லையா?

கட்டறுப்பான்:
ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் படிவம் உடைந்ததற்குப் பயர்பாக்ஸையே பொறுப்பாக்குவது அநியாயம். ஒரு சொல்லை வைத்து ஆளை வெளியே தள்ளியவர்கள் தள நிர்வாகிகள். நாம் எந்த உலாவியில் வர வேண்டும் என்று தளம் முடிவு செய்வதைத்தான் இங்கே முதலில் எதிர்க்க வேண்டும்.

மின்னல்வரி, குரோமியமும் ஓப்பன் சோர்ஸ்தான் என்றீர்கள். உண்மை. நிரலை யாரும் படிக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். ஆனால் திசை யார் கையில்? எக்ஸ்டென்ஷன்களுக்கான பழைய முறையை கூகுள் எடுத்தபோது யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் குரோமில் நின்றுபோனது, பயர்பாக்ஸில் இன்றும் ஓடுகிறது. 2023இல் கூகுள் பொறியாளர்கள் இன்னொரு யோசனை வைத்தார்கள்: நீங்கள் எந்த உலாவியில், எந்தக் கருவியில் வருகிறீர்கள் என்பதற்குத் தளத்துக்குக் கையெழுத்திட்ட சான்று போக வேண்டும். பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா எதிர்த்தது, பலரும் கத்தினார்கள், அந்த நவம்பரில் கைவிட்டார்கள். அது வந்திருந்தால் இன்று அரைத்தூக்கம் போட்ட வேஷம் செல்லாது. பெட்டியில் வரியை ஒட்டித் தப்பிக்க முடிவதே, அந்த வரிக்குச் சான்று கேட்க ஆள் இல்லாததால்தான்.

மின்னல்வரி:
அதெல்லாம் சரி ப்ரோ. மொசில்லாவோட வருமானத்துல பெரும்பகுதி கூகுள் தேடலை டீஃபால்ட்டா வைக்கிறதுக்கு கூகுள் தர்ற காசு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கட்டறுப்பான்:
சொல்கிறேன். அது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் கெக்கோ என்கிற பயர்பாக்ஸின் எஞ்சினும் போய்விட்டால் மிச்சம் குரோமியமும் வெப்கிட்டும்தான். ஓபரா 2013இலேயே தன் எஞ்சினை விட்டது, எட்ஜ் 2020இல் விட்டது. ஒரே உலாவியை மட்டும் பார்த்துத் தளம் எழுதிய காலத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6இல் பார்த்துவிட்டோம். அது 2001இல் வந்தது, அதற்காக எழுதிய தளங்களை மாற்றிக் கட்ட அலுவலகங்கள் பத்து வருஷத்துக்கு மேல் திண்டாடின.

ரெண்டாம்பக்கம்:
வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இதை எழுதி அனுப்பினால் படிப்பார்களா?

சுழியம்:
படிக்க மாட்டார்கள். அதனால் சுதந்திரத்தை விட்டுவிட்டு ஆப்பிளின் உலாவியான சஃபாரியைச் சொல்லுங்கள். வேறு தளத்தின் குக்கிகளை சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே முழுசாகத் தடுக்கிறது. ஆக, ஐபோனும் மேக்கும் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பலகையைத் தாண்டினாலும் ரசீது ஏற்றும் பெட்டியில் இதே போல முட்டியிருப்பார்கள். இது அந்த நிறுவனத்துக்குப் புரியும் மொழி. குரோமும் இந்தக் குக்கிகளை நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்தது, தள்ளித் தள்ளி 2025 ஏப்ரலில் திட்டத்தையே விட்டுவிட்டது. அதனால்தான் குரோமில் மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் இது படவே இல்லை.

நுட்ப ஆளுக்கு இரண்டு வரி போதும். ஒன்று, யூசர் ஏஜென்ட்டைப் பார்ப்பதை எடுத்துவிட்டு, தேவையான வசதி உலாவியில் இருக்கிறதா என்று சோதியுங்கள். இரண்டு, ரசீது ஏற்றும் பெட்டியை உங்கள் டொமைனின் கீழேயே ஒரு துணை முகவரியில் வையுங்கள், அல்லது ஸ்டோரேஜ் ஆக்சஸ் ஏபிஐ (ஐஃபிரேம் தன் குக்கியை அணுக உலாவியிடம் கேட்கும் முறை) வழியாக அனுமதி கேளுங்கள்.

பயர்பாக்ஸ் மெனுவில் "ரிப்போர்ட் புரோக்கன் சைட்" இருக்கிறது, அதிலும் போடுங்கள். அபவுட்:கம்பாட் என்று முகவரிப் பட்டையில் அடித்தால், எந்தெந்தத் தளங்களுக்காகப் பயர்பாக்ஸே உள்ளுக்குள் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். சிலவற்றுக்கு யூசர் ஏஜென்ட்டை மாற்றிச் சொல்வதும் உண்டு.

ரெண்டாம்பக்கம் ஐயா, கேடயம் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். அதையும் மொசில்லாவின் பிழைப் பதிவில் எழுதலாம், நீங்கள் எழுதினால் நான் வழிமொழிகிறேன். இங்கேயே திட்டிவிட்டுப் போனால் அவர்கள் காதுக்கு எட்டாது.

ரெண்டாம்பக்கம்:
எழுதுகிறேன். ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுங்கள்.

அரைத்தூக்கம்:
நேற்று சஃபாரி கதையை அப்படியே வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். முதலில் "குரோமில் முயற்சி செய்யுங்கள்" என்று அச்சடித்த பதில் வந்தது. ஐபோன் பற்றிய பத்தியை மட்டும் தனியாக வெட்டித் திரும்ப அனுப்பியதும் "தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியுள்ளோம்" என்றார்கள். பார்ப்போம்.

ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போனது. அணைத்த கேடயம் அந்தத் தளத்துக்கு எப்போதும் அணைந்தேதான் இருக்குமா?

சுழியம்:
நீங்களாக மறுபடி போடும்வரை அணைந்தே இருக்கும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், கண்காணிப்புத் தடுப்புக்குப் பக்கத்தில் உள்ள விதிவிலக்குகள் பட்டியலைத் திறந்தால் அந்தத் தளத்தின் பெயர் இருக்கும். ஆனால் இழப்பீடு கைக்கு வரும்வரை எடுக்காதீர்கள். இன்னும் ரசீது வேண்டும் என்று கேட்பார்கள்.