எஸ்டேட் துரை கொடுத்த பெட்டியில் பழைய ரிவால்வர்: பாலிஷ் போடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

வண்டிப்பெரியார்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா இங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. துரை சீமைக்குக் கிளம்பும்போது கொடுத்தது என்று ஒரு மரப்பெட்டி பரணிலேயே கிடந்தது, ஓடு மாற்றும்போது இறக்கினோம். உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய அறைகள். ஒரு ரிவால்வர், செம்பு வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, நாலைந்து ஈயக் குண்டு, தகர டப்பாவில் கொஞ்சம் கேப் (சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் குட்டி மூடி). சிலிண்டரில் ஐந்து துளை. சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்கப் பிடியே இல்லை. உடம்பெல்லாம் கோயில் தூணில் இருக்கிற கொடிக்கருக்கு மாதிரி செதுக்கல், மேலே டீன், ஆடம்ஸ் அண்ட் டீன், லண்டன் என்று எழுத்து.

கம்பத்தில் ஒரு பழைய சாமான் வியாபாரி போட்டோ பார்த்துவிட்டு, நூறு வருஷம் தாண்டியதற்கு லைசென்ஸ் வேண்டாம், கொண்டு வாருங்கள், ரொக்கம் தருகிறேன் என்கிறார். சித்தப்பா பிராஸோ போட்டுத் தேய்த்தால் விலை கூடும் என்கிறார். எனக்கு விற்க மனசில்லை. இதிலிருந்தே சேகரிக்க ஆரம்பிக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை:
தம்பி, அதைத் தூக்கிக்கொண்டு குமுளி செக்போஸ்ட் பக்கம் போய்விடாதீர்கள். வியாபாரி சொல்வது அமெரிக்கச் சட்டம் மாதிரி இருக்கிறது, அங்கேதான் 1898 வரை செய்தது பழம்பொருள் என்று விட்டுவிடுவார்கள். நம் 1959 ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் பழசுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான். சுத்தியல் நன்றாக விழுந்து சிலிண்டரும் சுற்றினால் சட்டத்துக்கு அது துப்பாக்கிதான், வயசு 170 ஆனாலும். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் 21-ஆம் பிரிவின்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, அப்புறம் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்கள்.

சேகரிப்பு ஆசைக்கும் ஒரு வார்த்தை: 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆளுக்கு இரண்டே துப்பாக்கி, பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். அதனால் நம் ஊரில் பத்து, இருபது என்று அடுக்கும் பேச்சே இல்லை. வெளிநாட்டு ஏல விலையைப் பார்த்தும் கனவு காண வேண்டாம், நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது.

நகரி பித்தளைப் பட்டறை:
முதலில் சித்தப்பா கையிலிருந்து அந்தப் பிராஸோவை வாங்கி வையுங்கள். இந்த மாதிரிப் பொருளில் விலையே செதுக்கலின் விளிம்பில்தான். உளி போன கோடு நகத்தில் தட்ட வேண்டும். தேய்த்தால் கோடு மழுங்கி, குழலில் இருக்கிற கிரீடம் போட்ட லண்டன் சோதனை முத்திரையும் கரைந்துபோகும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் ஆகாது.

சுத்தியலில் பிடி இல்லை என்றால் ராபர்ட் ஆடம்ஸின் 1851 பேட்டன்ட். விசையை இழுத்தாலே சுத்தியல் தானாக எழும்பி விழும். குழலும் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் ஃபிரேமும் ஒரே இரும்புத் துண்டில் அடித்தவை, அந்தக் காலத்து அமெரிக்க கோல்ட் கம்பெனி ரிவால்வரில் ஃபிரேமின் மேல்பக்கம் திறந்தே இருக்கும். கட்டைவிரலாலும் இழுக்கிற போமான்ட் வகை சில வருஷம் கழித்துத்தான் வந்தது.

என் கண் முதலில் போவது பெட்டிக்குத்தான். பழைய துப்பாக்கியையும் வேறெங்கோ கிடைத்த பெட்டியையும் ஜோடி சேர்த்து விற்பது ரொம்பச் சகஜம். துப்பாக்கி காலம்காலமாகக் கிடந்த இடத்தில் கம்பளி அமுங்கியிருக்கும், சுத்தியல் பட்ட இடம் வழுவழுவென்று நைந்திருக்கும். அந்தத் தடம் உங்கள் ரிவால்வரோடு பொருந்துகிறதா? ஃபிரேமில் உள்ள எண்ணும் சிலிண்டர் எண்ணும் ஒன்றா?

இன்னொன்று. ஈயக் குண்டில் வெள்ளைப் பொடி இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், ஓக் மரத்தின் அமில ஆவி ஈயத்தை அப்படி அரிக்கும், அந்தப் பொடி விஷம். கேப்பில் இருப்பது பாதரச ஃபல்மினேட், இன்னும் வெடிக்கும், டப்பாவை உலுக்கிப் பார்க்கவே வேண்டாம். சிலிண்டரில் வெடிமருந்து இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிப்பெரியார்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. ரிவால்வரை எடுக்காமல் டார்ச் அடித்துத்தான் பார்த்தேன். கம்பளித் தடம் அப்படியே பொருந்துகிறது, எண்ணும் இரண்டிலும் ஒன்றுதான், கடைசியில் ஆர் என்று எழுத்து. குண்டில் வெள்ளைப் பொடி இருக்கிறது. வக்கீலிடம் சொல்லியாச்சு. ஆனால் ஸ்டேஷனில் வைத்தால் இங்கே அடிக்கிற மழைக்குத் துரு ஏறிவிடாதா?

கொழிஞ்சாம்பாறை:
ஏறும். ஸ்டேஷன்தான் என்றில்லை, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது, வக்கீலை அதையே கேட்கச் சொல்லுங்கள். ரசீதில் ரிவால்வர் எண்ணோடு பெட்டி, குடுவை, அச்சு எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வெறுமனே 'பழைய துப்பாக்கி 1' என்று எழுதினால் திரும்பி வரும்போது குடுவை வராது.