அம்மா நினைவாக எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து நிதி திரட்டலாமா?

கேள்வி:
அம்மா போன வருடம் புற்றுநோயில் தவறிவிட்டார். அவர் நினைவாக எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு நிதி திரட்ட ஆசை. வயது 41, மலையேறிப் பழக்கமில்லை. முடியுமா? பணத்தை எப்படி வாங்குவது?

பதில் 1:
தாராளமாக முடியும். கயிறு கட்டி ஏறும் வேலையெல்லாம் இல்லை, நடைதான். ஆனால் முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது, கஷ்டம் காலுக்கு இல்லை, மூச்சுக்கு. 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, அதனால்தான் வழியில் இருக்கும் நாம்சே பஜார் என்ற ஊரில் (3,440 மீட்டர்) எல்லாரும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறார்கள். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால், இத்தனை பேர் பணம் கொடுத்திருக்கிறார்களே என்று பார்க்காமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

பதில் 2:
உங்கள் ஜிபேவுக்குப் பணம் வாங்கவே வாங்காதீர்கள். நேராக மருத்துவமனைக்கே போகட்டும், ரசீதும் கொடுப்பவர் பெயரிலேயே வரும். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்கள் நன்கொடைக்கு வரிக் கழிவு கேட்க அதுதான் வேண்டும் (ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது). பயணச் செலவு உங்களுடையது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நீ ஊர் சுற்ற எங்கள் காசா என்று சித்தப்பாவே கேட்பார்.

கேட்டவர்:
சித்தப்பா ஏற்கெனவே கேட்டாயிற்று! சரி, பயிற்சிக்கு எங்கே போகலாம்?

பதில் 3:
திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் பருவதமலை. முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போதுதான் முட்டியின் லட்சணம் தெரியும். அப்புறம், ஷூவை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். இன்சூரன்ஸில் அந்த உயரமும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்தியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.