பார்ஸ்னிப் நாற்று: புதுப்பிப்பு

பார்ஸ்னிப் (கேரட் மாதிரி இருக்கும் வெளிர்நிறக் கிழங்கு) விதை போட்டு மூன்று வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை, முளைத்தாலும் நாற்றை எடுத்து நடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேரை அசைத்தால் கிழங்கு கவை விடும், வேண்டாம் என்றுதான் பாதிப் பேர் சொன்னீர்கள்.

முளைக்காததற்குக் காரணம் பழைய விதை. பார்ஸ்னிப் விதை ஒரு வருஷம் தாண்டினாலே சுணங்கிவிடும்; என் பாக்கெட்டுக்கு மூன்று வயது. கேரட் விதை தாங்குகிறதே என்று நம்பிவிட்டேன். சரி, புது விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி டப்பாவில் வைத்தேன். 14-ஆம் நாள் பார்த்தால் வெள்ளை நூல் மாதிரி வேர் எட்டிப் பார்க்கிறது!

ஒவ்வொன்றையும் டாய்லெட் பேப்பரின் அட்டைக் குழாயில் மண் நிரப்பி வைத்தேன். விதையிலை இரண்டும் விரிந்து, பல் பல்லான முதல் நிஜ இலை தலை காட்டியதும் குழாயோடு அப்படியே மண்ணில் இறக்கினேன். அட்டையின் மேல் விளிம்பு வெளியே தெரியக் கூடாது, காற்றுப் பட்டால் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

நான்கு குழாயை மட்டும் சோம்பலில் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் வேர் அடியைத் தொட்டு வளைந்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து தோண்டினால் அந்த நான்கும் கால்சட்டை மாதிரி இரண்டு கால். மற்றவை நேராக, ஒரு சாண் நீளம்.

அப்புறம், வெயிலில் இலை கிள்ளும்போது கையுறை போடுங்கள். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளிக்கும். எனக்கு மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது.