மோலுக்குத் தமிழ் தேடுவதை விட்டு, அது அளப்பதற்கு ஒரு பெயர் தேடுவோம்

அணு, மூலக்கூறு போன்றவற்றை எண்ண வேதியியலில் பயன்படும் மோல் என்ற அலகுக்குத் தமிழில் குவை என்று முன்மொழிந்தவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். சொல் அழகாகத்தான் இருக்கிறது, வேரிலும் தப்பில்லை, ஏனென்றால் ஜெர்மன் வேதியியலாளர் ஓஸ்ட்வால்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூலக்கூற்றுக்கான சொல்லைச் சுருக்கித்தான் மோல் என்று வைத்தார், அதன் இலத்தீன் மூலத்துக்குக் குவியல் என்றும் ஒரு பொருள் உண்டு. (அணு என்று ஒன்று இருப்பதையே ரொம்ப நாள் நம்பாத மனிதர் அவர்!) ஆனால் இது ஓர் அலகு. மீட்டர், ஆம்பியர், கெல்வின் எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட்டு இதை மட்டும் மாற்றினால் மில்லிகுவை, மைக்ரோகுவை என்று போகும். தமிழ்நாட்டில் மோல், இலங்கையில் மூல். இந்த இரண்டே போதும்.

என் குறை வேறு. நீளம் என்ற அளவுக்கு மீட்டர் அலகு, நிறைக்குக் கிலோகிராம் அலகு. மோல் எதற்கு அலகு என்று கேட்டால் 'பொருளின் அளவு' என்கிறோம். உப்பின் அளவு என்றால் யாருக்கும் கிராம்தானே ஞாபகம் வரும்? போதாததற்குப் பழைய நூல்களில் கிராம் மூலக்கூற்று எடை, கிராம் அணு எடை என்றெல்லாம் எழுதி, மோல் என்பதே ஏதோ ஒரு எடை என்று மனதில் பதிய வைத்துவிட்டோம். 18 கிராம் தண்ணீரும் 180 கிராம் குளுக்கோசும் ஏறக்குறைய ஒரு மோல்தான். நிறை பத்து மடங்கு, மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே.

2019 மே 20க்குப் பிறகு இந்தக் குழப்பத்துக்குச் சாக்கும் இல்லை. அதுவரை 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கைதான் வரையறை. இப்போது ஒரு மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ உருப்படிகள். கிராம் என்ற பேச்சே வரையறையில் கிடையாது.

உருப்படி என்று எழுதியது தற்செயல் இல்லை, 'பொருளின் அளவு' என்பதற்குப் பதிலாக அதைத்தான் முன்வைக்கிறேன்: உருப்படித் தொகை. துகள் தொகை என்று ஒருவர் எழுதியிருந்தார், கிட்டத்தட்ட சரிதான், ஆனால் துகள் என்றால் தூசு, பொடி என்ற நிழலும் கூடவே வருகிறது. மூலக்கூற்றுத் தொகை சோடியம் குளோரைடில் மாட்டிக்கொள்ளும், அந்தப் படிகத்தில் தனித்தனி மூலக்கூறே கிடையாது. உருப்படி அணுவாக இருக்கலாம், அயனியாக, எலக்ட்ரானாக இருக்கலாம், எதை எண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டால் போதும். வெறும் எண் வரும் இடத்தில் உருப்படி எண்ணிக்கை, அதை அவகாட்ரோ மாறிலியால் (ஒரு மோலுக்கு மேலே சொன்ன 6.02214076 × 10²³) வகுத்தால் உருப்படித் தொகை. இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

அப்புறம் அணு நிறை. குளோரினின் அணு நிறை 35.45 என்கிறோம், ஆனால் அந்த நிறையுள்ள ஒரு குளோரின் அணுவைக்கூட உலகத்தில் காட்ட முடியாது. நிறை 35ஐ ஒட்டிய அணு ஒரு வகை, 37ஐ ஒட்டியது இன்னொரு வகை, இரண்டும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் கலந்திருப்பதன் சராசரி அது. ஆகவே தனி அணுவுக்கு அணு நிறை (அலகு டால்டன்), தனிமத்துக்கு ஒப்பு அணு நிறை (அலகே இல்லை), ஒரு மோலுக்கு மோலார் நிறை (கிராம்/மோல்) என்று மூன்றையும் பிரித்தே எழுத வேண்டும். பிரிக்காமல் மூன்றுக்கும் அதே 35.45ஐ எழுதிவிடுவதால்தான் இத்தனை வம்பு.

இலங்கை நண்பர்களுக்கு இங்கே கூடுதல் சிக்கல், அவர்களுக்குத் திணிவு என்பதுதான் நமது நிறை, நிறை என்றால் நமது எடை. அதைத் தீர்க்க நம்மால் ஆகாது, அடைப்புக்குறியில் மற்றதையும் போட்டுவிடுவோம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், செறிவோடு சேர்த்து 'உருப்படித் தொகைச் செறிவு' என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. அந்த இடத்தில் மட்டும் மோலார் செறிவு என்றே இருக்கட்டும்.